யாரை லீடர் ஆக்குகிறோம்?

ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போனதும் லீடர் எழுந்து வந்து கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு கிழிப்பார். மேலே ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு, கீழே பெயர்கள். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆசிரியர் திரும்பி வந்து பட்டியலைப் பார்த்துத் திட்டுவார், அல்லது முட்டி போடச் சொல்வார். பட்டியல் எழுதுவது பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளை. பட்டியலில் வரும் பெயர்களும் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன ஏராளமானவர்களுக்குத் தலைமை என்ற ஒன்று முதலில் அறிமுகமானது இப்படித்தான்: கூடப் படிப்பவரைக் கண்காணித்துப் பெரியவரிடம் ஒப்படைக்கும் வேலையாக.

இளைஞர் மனநலத்துக்குத் தலைமைப் பயிற்சி கைகொடுக்கும் என்று இன்று பரவலாகப் பேசப்படுகிறது. கல்லூரியில் இரண்டு நாள் முகாம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் பயிலரங்கம், கோடை விடுமுறையில் ஆளுமை வளர்ப்பு வகுப்பு என்று அது பல உருவில் வருகிறது. கூச்சமில்லாமல் மேடையில் பேசவும், ஒரு குழுவைக் கட்டி நடத்தவும், நேரத்தைத் திட்டமிடவும் சொல்லித்தருகிறார்கள். நல்ல விஷயங்கள்தான். ஆனால் இவற்றால் மனச்சோர்வு குறையுமா? சாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை வாய்திறந்து யாரிடமாவது சொல்லுமா? இதைத் தொட்டு நடந்த சில முக்கியமான ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது இது: பொறுப்பும் பேசும் உரிமையும் உண்மையாகவே பிள்ளைகளின் கைக்குப் போகும் இடத்தில் அவர்கள் மனம் தேறுகிறது. பதவி மட்டும் போகும் இடத்தில் எதுவும் நடப்பதில்லை. சில இடங்களில் கெடுதலும் நடக்கிறது.

இந்தக் கேள்வியின் அவசரத்தைச் சில எண்களே சொல்லிவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 1,416 பேர் தமிழ்நாட்டு மாணவர்கள். மாநிலங்களின் வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையில் ஏறத்தாழ மூன்று பேர். இத்தனை பிள்ளைகளையும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவது நடக்கிற காரியமில்லை. அந்த அளவுக்கு மருத்துவர்கள் நம்மிடம் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் மருத்துவர் தேவைப்படுவதுமில்லை. ஆகவே பள்ளிக்கூடத்துக்குள்ளேயே என்ன செய்யலாம் என்று தேடியாக வேண்டியிருக்கிறது.

இந்தத் தேடலுக்கு ஒரு பழைய வேர் உண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத உளவியலாளர் கர்ட் லெவின், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகிய இருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வைச் செய்தார். பத்து வயதையொட்டிய சிறுவர்களைச் சிறு சிறு மன்றங்களாகப் பிரித்தார்கள். பள்ளி விட்ட பிறகு கூடி, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைச் செய்வார்கள். ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு பெரியவர். அவர் சில வாரங்களுக்கு எல்லாவற்றையும் தானே தீர்மானித்துக் கட்டளையிடுவார். சில வாரங்களுக்குப் பையன்களோடு கலந்து பேசி முடிவெடுப்பார். வேறு சில வாரங்களில் எதிலும் தலையிடாமல் ஒதுங்கி நிற்பார்.

கட்டளை நடந்த மன்றங்களில் பையன்கள் ஒன்று துவண்டுபோய் அடங்கிக் கிடந்தார்கள், அல்லது ஒருவரையொருவர் பிறாண்டிக்கொண்டார்கள். பெரியவர் அறையை விட்டுப் போனதும் வேலை நின்றது. கலந்து பேசிய மன்றங்களில் அவர் போன பிறகும் வேலை தொடர்ந்தது. கட்டளைக்குப் பழகிய ஒரு மன்றத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே பையனைக் குறிவைத்துத் துன்புறுத்த, அவன் மன்றத்துக்கு வருவதையே விட்டுவிட்டான். 1939-இல் வெளிவந்த இந்த ஆய்வை நிர்வாகவியல் பாடப்புத்தகங்கள் தலைமைப் பாணிகள் பற்றிய பாடமாகவே சொல்லிவருகின்றன. எனக்கு அந்தப் பையன்தான் முக்கியமாகப் படுகிறான். அதிகாரம் முழுவதும் மேலே குவிந்திருக்கும்போது, கீழே இருப்பவர்கள் தங்களிலும் கீழான ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். நம் வகுப்பறைகளில் நடக்கும் கேலிக்கும் வம்புக்கும் பாதி விளக்கம் இதில் இருக்கிறது. சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

தலைமையையும் தற்கொலைத் தடுப்பையும் நேரடியாக முடிச்சுப் போட்ட முயற்சி அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் தொடங்கியது. அங்குள்ள கிராமப்புறங்களிலும் பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளிலும் இளைஞர் தற்கொலைகளைப் பார்த்து நொந்த மார்க் லோமரே என்பவர் 1998-இல் ‘சோர்சஸ் ஆஃப் ஸ்ட்ரெங்த்’ என்ற திட்டத்தை உருவாக்கினார். வல்லுநர் ஒருவர் வந்து ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பார் என்று காத்திருக்காமல், பிள்ளைகளுக்குள்ளேயே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பள்ளியின் பேச்சையும் பழக்கத்தையும் அவர்களை வைத்தே மாற்றுவது அதன் வழி.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆள் எடுக்கும் முறை. முதல் மதிப்பெண் எடுப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. பள்ளியில் எத்தனை வகையான நட்புக் கூட்டங்கள் உண்டோ அத்தனையிலிருந்தும் ஆள் வேண்டும் என்கிறார்கள். விளையாட்டுக்காரர்களின் கூட்டத்தில் ஒருவர், பாட்டும் கூத்துமாகத் திரிகிறவர்களில் ஒருவர், அதிகம் பேசாமல் ஓரமாக நிற்பவர்களில் ஒருவர், அடிக்கடி வம்பில் மாட்டிக்கொள்பவர்களில் ஒருவர். இப்படித் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சிறிய, திட்டமான வேலைகள் தரப்படுகின்றன. நீ நம்பும் பெரியவர் யார் என்று ஒவ்வொரு நண்பரையும் பெயர் சொல்லவைக்க வேண்டும். நண்பனுக்குத் தொல்லை என்றால் அதை மூடி மறைக்காமல் ஒரு பெரியவரிடம் கொண்டுபோக வேண்டும். தான் ஒரு கெட்ட காலத்தைக் கடந்தது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வைமன் குழு, ஜார்ஜியா, நியூயார்க், வடக்கு டகோட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் 18 உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டது. மாணவத் தலைவர்கள் 453 பேர், மற்ற மாணவர்கள் 2,675 பேர். சில பள்ளிகள் உடனே தொடங்கின. மற்றவை காத்திருந்தன. எது முதலில், எது பிறகு என்பது குலுக்கலில் முடிவானது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, தலைவர்களாக இருந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களோடு நெருக்கம் கூடியிருந்தது, பள்ளியில் ஈடுபாடு கூடியிருந்தது. பெரிய பள்ளிகளில், தற்கொலை எண்ணத்தில் இருந்த நண்பனைப் பெரியவரிடம் கொண்டுபோவதில் இவர்கள் இன்னும் பயிற்சி பெறாத மாணவத் தலைவர்களைவிட நான்கு மடங்கு முன்னால் இருந்தார்கள்.

அந்த அறிக்கையில் இரண்டு விஷயங்கள் தமிழ்நாட்டில் உரக்கச் சொல்லப்பட வேண்டியவை. தலைவர்களுக்குள்ளேயே அதிகமாக முன்னேறியது, தொடக்கத்தில் உதவி கேட்பது பற்றி மோசமான எண்ணத்தோடு வந்த பிள்ளைகள்தான். ஏற்கெனவே எல்லாம் சரியாக இருந்தவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் குறைவு. அதேபோல, ‘இந்தப் பள்ளியில் பெரியவர்கள் எனக்குக் கைகொடுப்பார்கள்’ என்ற எண்ணம் மாணவர்கள் எல்லோரிடமும் கூடினாலும், முன்பே தற்கொலை எண்ணம் வந்துபோனவர்களிடம்தான் அது மிக அதிகமாகக் கூடியது. பொறுப்பு தந்தால் அதிகம் பலனடைகிற பிள்ளையை நாம் ‘பேசியவர்கள்’ பட்டியலில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். இந்த ஆய்வு சில மாதங்களின் மனப்போக்கை அளந்ததே தவிர, எத்தனை உயிர் காப்பாற்றப்பட்டது என்று கணக்கிடவில்லை. அந்த எல்லையை மறக்காமல்தான் இதைப் பேச வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பீகாரில் இருக்கிறது. கோவாவில் இயங்கும் சங்காத் அமைப்பு, மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் உள்ளிட்டோரின் வழிகாட்டலில், நாலந்தா மாவட்டத்தின் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டத்தை நடத்தியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று தொகுதியாகப் பிரித்தார்கள். முதல் தொகுதியில் பள்ளிக்கு ஒருவராக ‘சேஹர் மித்ரா’ நியமிக்கப்பட்டார். மித்ரா மருத்துவரோ உளவியல் பட்டதாரியோ இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர், அவ்வளவுதான். இரண்டாம் தொகுதியில் அதே வேலைகளை அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் பயிற்சி பெற்றுச் செய்தார். மூன்றாம் தொகுதியில் வழக்கமான பாடம் மட்டும்.

மித்ரா செய்த வேலைகளைப் பாருங்கள். மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார். பெயர் எழுதலாம், எழுதாமலும் விடலாம். மாதாமாதம் ஒரு சுவர்ப் பத்திரிகை வந்தது, அதில் மாணவர்களும் எழுதினார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர்களின் சிறு குழு ஒன்று அமைந்து, வகுப்புக்காரர்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கூடிப் பேசியது. பள்ளி அளவில் ஒரு நலக்குழு அமைந்தது. பெட்டியில் விழுந்த குறைகள் அங்கே பேச்சுக்கு வந்தன. தனியாகப் பேச விரும்பிய மாணவரோடு மித்ரா உட்கார்ந்து பேசினார். காலைக் கூட்டத்தில் அடிதடி பற்றியும் ஆண் பெண் சமத்துவம் பற்றியும் பேச்சு நடந்தது. மூச்சுப் பயிற்சியோ தியானமோ இதன் மையத்தில் இல்லை. பிள்ளை ஒன்றைச் சொன்னால் அது எங்கோ போய்ச் சேருகிறது, அதற்கு ஒரு பதில் வருகிறது என்ற அனுபவத்தைத்தான் திட்டம் முழுவதும் திரும்பத் திரும்பத் தந்தது.

2018-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. மித்ரா இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பெரிய அளவில் மேம்பட்டிருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. சீண்டலும் அடிதடியும் குறைந்திருந்தன. இரண்டாம் ஆண்டு தொடர்ந்து நடத்திப் பார்த்தபோது வித்தியாசம் இன்னும் கூடியிருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, வழக்கமான பாடம் மட்டும் நடந்த பள்ளிகளைவிடக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பெட்டியும் பத்திரிகையும் குழுவும் இரண்டு தொகுதிக்கும் ஒன்றுதான். நடத்திய ஆள்தான் வேறு.

இதை வைத்து ஆசிரியர்களைக் குறை சொல்வது தவறு. அவர்கள் ஏற்கெனவே பாடம், விடைத்தாள், தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று நசுங்கிக் கிடக்கிறார்கள். அதன் மேல் இதையும் ஏற்றினால் எதையாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். நேரம் ஒரு காரணம் என்றால், இன்னொரு காரணம் உறவின் தன்மை என்று நினைக்கிறேன். மதிப்பெண் போடுகிறவரிடம், வீட்டுக்குத் தகவல் சொல்லக்கூடியவரிடம், அடித்தவராகவே இருக்கக்கூடியவரிடம் ஒரு பிள்ளை எப்படித் தன் குறையை எழுதிக் கொடுக்கும்? ஐரோப்பாவிலும் இதே சாயலில் ஒரு முடிவு வந்தது. 10 நாடுகளின் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஆபத்து அறிகுறிகளைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது பலன் தரவில்லை. மாணவர்களே நடித்துப் பார்த்து, தங்கள் சிக்கல்களைத் தாங்களே பேசித் தீர்வு தேடிய வகுப்புகளுக்குப் பலன் இருந்தது. ஓராண்டு முடிவில் தற்கொலை முயற்சி அந்த மாணவர்களிடம் 0.70 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 1.51 சதவீதம்.

பிள்ளை தன் மனதைத் தானே கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டால் போதும் என்ற எண்ணத்துக்கும் ஒரு பெரிய சோதனை நடந்தது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரம் மாணவர்களுக்கு மேல் சேர்த்து நடந்து 2022-இல் வெளியான ‘மிரியட்’ ஆய்வு, வகுப்பு முழுவதற்கும் விழிப்புணர்வுத் தியானம் கற்றுத்தருவதால் வழக்கமான பாடத்தைவிட மனநலம் மேம்படவில்லை என்று கண்டது. பள்ளி அப்படியே இருக்க, பிள்ளை மட்டும் அமைதியாக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் ஓர் அநியாயமும் இருக்கிறது.

வடக்கு டகோட்டாத் திட்டத்தில் நண்பர்களுக்கு உதவிய தலைவர்களும் முன்னேறினார்கள் என்று பார்த்தோம். பிறருக்கு உதவுவது உதவுகிறவரை ஏன் தேற்றுகிறது? ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னர், வறுமையும் குடும்பச் சிக்கலும் நிறைந்த வீடுகளிலிருந்து நல்லபடியாக வளர்ந்து வந்தவர்களிடம் சில பொதுவான விஷயங்களைப் பார்த்தார். பெற்றோர் இல்லாவிட்டாலும் நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல, பிறருக்கு நிஜமாகவே தேவைப்பட்ட ஒரு பொறுப்பும் பலருக்கு இருந்தது. கனடாவில் 106 உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் வாரந்தோறும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு உதவ அனுப்பிப் பார்த்தார்கள். பத்து வாரம் கழித்து அவர்களின் இரத்தத்தில் அழற்சிக் குறியீடும் கொழுப்பும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. தான் யாருக்கோ வேண்டியிருக்கிறோம் என்ற உணர்வு உடம்பு வரை இறங்குகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை இல்லாமல் நகர முடியாது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அக்காக்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அம்மா வேலைக்குப் போக, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைச் சுமக்கிற பெண்ணுக்கு அந்தப் பொறுப்பு தெம்பைத் தருவதில்லை, அவளைத் தின்கிறது. பின்னால் தாங்க ஒரு பெரியவர் இருக்கிறாரா, இறக்கிவைக்க இடம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாணவத் தலைவருக்கும் இது பொருந்தும். “யார்கிட்டயும் சொல்லிடாத” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு தோழி தன் தற்கொலை எண்ணத்தைச் சொன்னால், அந்த இரகசியத்தை ஒரு பதினைந்து வயதுப் பெண் இரவெல்லாம் தனியாகச் சுமக்கக் கூடாது. வடக்கு டகோட்டாத் திட்டம் இதில் உறுதியாக இருக்கிறது: மாணவத் தலைவர் ஆலோசகர் ஆகக் கூடாது, நண்பனைப் பெரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அவர் வேலை முடிந்தது. தமிழில் எந்தப் பயிற்சி ஏடு எழுதப்பட்டாலும் அதன் முதல் பக்கத்தில் இந்த விதி இருக்க வேண்டும். கூடவே, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம் என்ற குறிப்போடு டெலி மனஸ் மனநல உதவி எண் 14416-உம்.

தமிழ்நாட்டில் இதற்கான உறுப்புகள் தனித்தனியாக ஏற்கெனவே இருக்கின்றன. புகார் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டிகள் அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டன. 2024 நவம்பரில் ‘மகிழ் முற்றம்’ தொடங்கியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குத் தலைவர் வைத்து, தலைமைப் பண்பையும் கூட்டுணர்வையும் வளர்ப்பது அதன் நோக்கம். வகுப்புகளைக் கலந்து குழு அமைப்பது நல்ல யோசனை. எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஆறாம் வகுப்புத் தம்பியைத் தெரியவரும். சாதியாலும் தெருவாலும் பிரிந்து உட்காருகிறவர்கள் ஒரே குழுவில் நிற்பார்கள்.

கவலை எங்கே என்றால், மகிழ் முற்றம் குழுக்களுக்குப் புள்ளி போடும் பலகையோடு நின்றுவிடுவதில். சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்கு வரைந்து காட்டினார். கீழ் மூன்று படிகளில் பிள்ளைகள் பெரியவர்களின் நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படுகிறார்கள், அலங்காரமாக நிறுத்தப்படுகிறார்கள், ஒப்புக்குச் சேர்க்கப்படுகிறார்கள். இந்த மூன்றையும் பங்கேற்பு என்றே அவர் ஏற்கவில்லை. பதவியேற்பு விழாவில் உறுதிமொழி வாசித்து, ஆண்டு விழாவில் விருந்தினருக்குப் பூங்கொத்து தருவதோடு முடிகிற தலைமை இந்தக் கீழ்ப்படிகளில்தான் நிற்கிறது. பெண்கள் கழிப்பறைக்கு ஏன் தாழ்ப்பாள் இல்லை என்று குறிஞ்சிக் குழுவின் தலைவி கேட்டு, பள்ளி மேலாண்மைக் குழு அதற்கு ஒரு வாரத்தில் பதில் சொன்னால், அவள் மேலே ஏறியிருக்கிறாள். குழுத் தலைவர் பொறுப்பு மாதாமாதம் கைமாற வேண்டும் என்பது என் எண்ணம். குறைந்தது பாதி முறையாவது மதிப்பெண்ணைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மித்ராவுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். கொரோனாவுக்குப் பிறகு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்துக்காக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இந்த மாநிலத்தில் முன்வந்தார்கள். பெரும்பாலும் படித்த பெண்கள், அதே தெருவில் குடியிருப்பவர்கள், பிள்ளைகள் ‘அக்கா’ என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். பள்ளிக்கூடத்தின் ஆளாக இல்லாமல் பள்ளிக்கூடத்தை அறிந்தவர்கள். நாலந்தாவின் மித்ராவுக்கு இருந்த தகுதிகளில் முக்கியமானவை அவர்களிடம் இருக்கின்றன. நல்ல பயிற்சியும், மேற்பார்வைக்கு ஒரு மனநல வல்லுநரும், கௌரவமான மாதச் சம்பளமும் கொடுத்தால் அவர்களில் பலர் இந்த வேலைக்கு வருவார்கள். சம்பளத்தை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளின் துயரத்தைக் கேட்கும் வேலையைச் சேவை என்ற பெயரில் பெண்களிடம் இலவசமாக வாங்கக் கூடாது.

ஒரே ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மகிழ் முற்றம் இப்போது இருப்பது போலவே நடக்கட்டும். மறுபாதியில் ஓர் அக்காவும், மாதம் மாறும் தலைவர்களும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு பெட்டியும் சேரட்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஜூனிலும் அடுத்த மார்ச்சிலும் மனச்சோர்வையும் சீண்டலையும் அளக்கும் கேள்வித்தாளைக் கொடுப்போம். பெட்டியில் எத்தனை சீட்டு விழுந்தது, அவற்றில் எத்தனைக்கு எத்தனை நாளில் பதில் போனது என்ற கணக்கையும் பள்ளிவாரியாக எழுதி, அதே பள்ளியின் சுவரில் ஒட்டிவைப்போம்.